கார்ட்லெஸ் மைக் வாங்குமுன்: சபையாருக்கு ஒரு பாடம்



சபைக்கு ஒரு கார்ட்லெஸ் மைக் வாங்கவேண்டும் என்ற பேச்சு எழும்பினால் முதலில் வருகிற கேள்வி, "என்ன விலை?" அடுத்த கேள்வி, "எந்தக் கம்பெனி?" பல வருஷங்களாக மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்து ஊழியம் செய்கிறவன் என்கிற முறையில் சொல்லுகிறேன்: இந்த இரண்டு கேள்விகளும் கடைசியில் வரவேண்டியவை. முதல் கேள்வி இதுதான்: நம் சபையில் மிகவும் மெல்லிய குரல் யாருடையது? அந்தக் குரல் கடைசி வரிசை வரைக்கும் தெளிவாய்ப் போய்ச் சேருமா?

பாஸ்டர் ஐயாவிடம் எந்த மைக்கைக் கொடுத்தாலும் பேசிவிடுவார். பாடல் குழுவினரோ மைக்கைப் பிடித்துப் பழகினவர்கள். ஆனால் சாட்சி நேரத்தில் நடுங்கிக்கொண்டு எழுந்து நிற்கிற வயதான தாயார்? அவர்கள் பேசப்போவது மூன்று நிமிஷம். நடுவிலே "கர்ர்" என்று இரைச்சல் வந்து, குரல் விட்டு விட்டுக் கேட்டு, பிறகு மைக்கும் கூவ ஆரம்பித்தால், "சரிம்மா, உட்காருங்க" என்று ஆகிவிடுகிறது. அப்படி உட்கார்ந்தவர்களில் சிலர் அதற்குப்பின் எழுந்திருக்கவே இல்லை. இதை நான் பல சபைகளில் கண்ணாரக் கண்டிருக்கிறேன். வாங்குகிற பணமோ பத்தும் இருபதுமாய்ச் சேர்ந்த காணிக்கை. ஆகையால் இந்தப் பாடத்தைச் சவுண்ட் பார்க்கிற தம்பிகள் மாத்திரமல்ல, சபையார் எல்லாரும் கவனமாய் வாசிக்க வேண்டுகிறேன்.

1. ஒயர் இல்லாத மைக் நமக்கு அவசியமா?

அவசியமில்லாத இடத்தில் வாங்காதீர்கள். ஒரே பணத்துக்கு ஒயர் மைக்தான் எப்போதும் நல்ல சத்தம் தரும். செல் தீராது, அலைவரிசைத் தொல்லையும் இல்லை. பிரசங்க பீடத்தில் ஒரே இடத்தில் நின்று பேசுகிறவருக்கும், கீபோர்டு அருகே அசையாமல் நின்று பாடுகிறவருக்கும் ஒயர் மைக்கே போதும்.

அப்படியானால் கார்ட்லெஸ் எதற்கு? சபையாருக்குள்ளே கை மாறிப் போகிற சாட்சி மைக்குக்கு. மேடையில் நடந்து நடந்து பேசுகிற ஊழியருக்கு. இன்னும் முக்கியமாக, ஞானஸ்நானத் தொட்டிக்கு. 2005 அக்டோபரில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து வேக்கோ நகரில், ஞானஸ்நான ஆராதனையில் தண்ணீருக்குள் நின்ற ஒரு போதகர் பக்கத்திலிருந்த மைக்கைத் தொட்டார். மின்சாரம் பாய்ந்து மரித்தார். தண்ணீரில் நிற்கிறவர் கையில் ஒயர் மைக்கை ஒருக்காலும் கொடாதிருங்கள். கார்ட்லெஸ் மைக்குக்குள் இருப்பது சின்னச் செல்தான். வீட்டு மின்சாரத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

எண்ணிக்கையிலும் ஜாக்கிரதை. "நாலு மைக் சேர்ந்த செட், விலையும் மலிவு" என்று கடைக்காரர் சொல்லுவார். திறந்திருக்கிற மைக்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும்போதெல்லாம், கூவாமல் சத்தம் வைக்க நமக்கிருக்கும் இடம் 3 டெசிபல் குறைகிறது. மட்டமான நான்கைவிட நல்ல இரண்டு மேல்.

2. மைக்கின் தலை

கையில் பிடிக்கும் கார்ட்லெஸ் மைக்கில் இரண்டு பாகம் உண்டு. மேலே வலைக்குள் இருப்பது குரலைப் பிடிக்கும் தலை. கீழே கைப்பிடிக்குள் இருப்பது குரலை ரேடியோ அலையாய் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர். விலை பேசும்போது எல்லாரும் ரேடியோவையே பார்க்கிறார்கள். ஆனால் நம் காதில் விழுவது முதலாவது அந்தத் தலையின் குணம்தான்.

ஷூர் கம்பெனியின் எஸ்எம்58 என்கிற தலை 1966-ல் வந்தது. இன்றும் உலகமெங்கும் மேடைகளில் அது இருக்கிறது. அதே தலை அந்தக் கம்பெனியின் கார்ட்லெஸ் மைக்குகளிலும் கிடைக்கிறது. சென்ஹைசர் கம்பெனியின் இ835 இதைப்போலவே கையாளச் சுலபமானது. இவை "கார்டியாய்டு" வகை: முன்னாலிருந்து வரும் சத்தத்தை வாங்கும், நேர் பின்னாலிருந்து வருவதைத் தள்ளும். ஆகவே மேடையில் மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் வாலுக்கு நேரே வைக்கவேண்டும்.

"சூப்பர் கார்டியாய்டு" என்று இன்னொரு வகை உண்டு. ஷூர் பீட்டா 58ஏ, சென்ஹைசர் இ845 ஆகியவை இந்த ஜாதி. பக்கவாட்டுச் சத்தத்தை நன்றாய் அடக்கும். ஆனால் நேர் பின்னால் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அது அதிகமாய்த் தள்ளுகிற இடம் பின்பக்கத்தின் இரண்டு ஓரங்கள். ஆகவே மானிட்டரை அந்த ஓரங்களில் வைக்கவேண்டும். பழகின பாடகருக்கு இது நல்லது. பலர் கை மாறும் சாட்சி மைக்குக்குச் சாதாரண கார்டியாய்டே ஏற்றது. ஏனென்றால் பிடிப்பவர் கொஞ்சம் கோணலாய்ப் பிடித்தாலும் குரலை விட்டுவிடாது.

"கண்டென்சர்" தலை இன்னும் நுணுக்கமாய்க் கேட்கும். தகரக் கூரையும் சிமெண்ட் சுவருமாய் எதிரொலிக்கிற நம்முடைய அநேக கூடங்களில், அது மின்விசிறி, குழந்தை அழுகை, ஸ்பீக்கர் சத்தம் எல்லாவற்றையும் கூடவே கொண்டுவரும். "டைனமிக்" வகைத் தலையே நமக்குப் பொருத்தம்.

3. அலைவரிசை: பாடத்தின் மையம் இதுதான்

கார்ட்லெஸ் மைக் ஒரு சின்ன ரேடியோ நிலையம். அது எந்த அலைவரிசையில் ஒலிபரப்புகிறது என்பதைக் கேட்காமல் வாங்குவது, முகவரி கேட்காமல் வீடு வாங்குவதற்குச் சமம். சந்தையில் மூன்று வகை உண்டு.

முதலாவது வி.எச்.எஃப். விலை மலிவு. பெரும்பாலும் ஒரே நிலையான அலைவரிசையோடு வரும், மாற்ற முடியாது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் அதே செட் இருந்தால் என்ன செய்வது? ஒரு கிராமத்துச் சபையிலே ஜெப வேளையில் ஸ்பீக்கரிலிருந்து, "அடுத்த பந்திக்கு வாங்க, இலை போட்டாச்சு" என்று சத்தம் வந்தது. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். போய் விசாரித்தபோது, மண்டபத்துக்காரரும் சபையாரும் ஒரே மாதிரி செட் வாங்கியிருந்தது தெரிந்தது. அலைவரிசை மாற்ற வழியில்லை. ஒரு செட்டை ஓரங்கட்டத்தான் வேண்டியதாயிற்று.

இரண்டாவது 2.4 கிகாஹெர்ட்ஸ். இந்தியாவில் இதற்குத் தனி லைசென்ஸ் வேண்டாம் என்பது நல்ல காரியம். ஆனால் வைஃபையும் புளூடூத்தும் இதே வீதியில்தான் நடமாடுகின்றன. காலிக் கூடத்தில் சோதித்தபோது அருமையாய்க் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேரும் முந்நூறு போனும் உள்ளே வந்தவுடன் விட்டு விட்டுக் கேட்கும். மனுஷ சரீரமும் இந்த அலையை நன்றாய்த் தடுக்கும். சின்ன ஜெப வீட்டுக்கு ஏற்றது. பெரிய கூடத்துக்கும் கன்வென்ஷனுக்கும் ஏற்றதல்ல.

மூன்றாவது யு.எச்.எஃப். தொழில்முறை மைக்குகளில் பெரும்பாலானவை இதிலேயே உண்டு. அலைவரிசையை மாற்றிக்கொள்ளும் வசதி, காலியான இடத்தைத் தானே தேடித் தரும் "ஸ்கேன்" வசதி இவை உள்ளதாய்ப் பார்த்து வாங்கவேண்டும்.

ஆனால் யு.எச்.எஃப். என்றாலே நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியை நம் நாட்டில் செல்போனுக்குக் கொடுத்தாயிற்று. 2022 ஆகஸ்டில் முடிந்த ஏலத்தில் ஜியோ கம்பெனி அதை 22 வட்டாரங்களிலும் 5ஜி சேவைக்காக வாங்கியது. இந்தத் திட்டத்தில் 703 முதல் 748 மெகாஹெர்ட்ஸ் வரை போனிலிருந்து கோபுரத்துக்கும், 758 முதல் 803 வரை கோபுரத்திலிருந்து போனுக்கும் ஒதுக்கீடு. இதன் அர்த்தம் என்ன? உங்கள் மைக் 700-களில் இருந்தால், தொல்லை தூரத்துக் கோபுரத்திலிருந்து மாத்திரமல்ல, முன்வரிசையில் இருக்கிற சகோதரனின் சட்டைப்பையிலிருந்தும் வரலாம்!

வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளைகள் அன்போடு அனுப்புகிற பழைய செட்டுகளையும் சோதியுங்கள். அமெரிக்காவில் 698 முதல் 806 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள மைக்குகளை 2010 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். 600-களிலும் பெரும்பகுதியை 2020 ஜூலையில் நிறுத்தினார்கள். அங்கே ஓரங்கட்டின செட் இங்கே மலிவாய் வந்து சேரும். மைக்கின் அடியிலோ ரிசீவரின் பின்னாலோ அலைவரிசை அச்சடித்திருக்கும். வாசித்துப் பார்த்து, 700-களில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புதிதாய் வாங்கும்போதும், இந்த அலைவரிசை இந்தியாவில் அனுமதிக்கப்பட்டதா என்று கடைக்காரரிடம் கேட்டு, பில்லில் அலைவரிசையை எழுதி வாங்குங்கள். இதைக் கவனிக்கிறது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு.

4. ஒன்றுக்கு மேல் வைத்தால்

இரண்டு மைக் ஒரே அலைவரிசையில் வேலை செய்யாது. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாத காரியம் ஒன்று உண்டு: இரண்டு மைக்குகள் சேர்ந்து, இல்லாத மூன்றாவது அலையை உண்டாக்கும். கணக்கு சுலபம். ஒன்றின் எண்ணை இரண்டால் பெருக்கி மற்றதைக் கழியுங்கள். 600, 601 என்று இரண்டு மைக் இருந்தால், 602-லும் 599-லும் பொய்யான அலைகள் எழும்பும். மூன்றாவது மைக்கை அழகாய் 602-ல் வைத்தீர்களானால், அது அந்தப் பொய் அலையின் மேலேயே உட்காருகிறது. "தனித்தனியா போட்டா நல்லா இருக்கு, மூணையும் ஒண்ணா போட்டா கரகரங்குது" என்று தம்பிகள் சொல்லுவது இதனால்தான். மைக் பழுது அல்ல.

ஆகையால் சம இடைவெளியில் வைக்காதீர்கள். நல்ல செட்டுகளில் "குரூப்", "சேனல்" என்று கம்பெனியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. எல்லா மைக்குக்கும் ஒரே குரூப், ஒவ்வொன்றுக்கும் வேறு சேனல். இதுவே சட்டம். பின்னாளில் கூட்டப்போகிற மைக்கும் இதே வரிசையில் சேருமா என்று முதல் மைக் வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள்.

5. ரிசீவரும் இரண்டு கொம்பும்

600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர். இந்த அலை நேராகவும் வரும், இரும்புக் கூரையிலும் தூணிலும் பட்டுத் திரும்பியும் வரும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் குரல் அறுந்துபோகும். ஊழியர் ஒரு சாண் நகர்ந்தால் மறுபடியும் கேட்கும். இதற்குப் பரிகாரம் "ட்ரூ டைவர்சிட்டி". ஒரே மைக்கை இரண்டு ஆன்டெனாவில், இரண்டு தனி ரேடியோப் பாகங்களால் கேட்டு, எது நன்றாய் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மலிவான இரட்டை மைக் செட்டிலும் இரண்டு கொம்பு இருக்கும். அங்கே ஒரு கொம்பு ஒரு மைக்குக்கு, மற்றது மற்ற மைக்குக்கு. அது டைவர்சிட்டி அல்ல. கொம்பை எண்ணி ஏமாறாதீர்கள், கேட்டு நிச்சயப்படுத்துங்கள்.

ரிசீவரை மிக்ஸர் பக்கத்தில்தான் வைக்கவேண்டும் என்று சட்டமில்லை. கூடத்தின் பின்கோடியில், இரும்பு பீரோவுக்குள், ஆம்ப்ளிஃபயருக்கு மேல் வைத்துவிட்டு "ரேஞ்ச் இல்லை" என்று குறைசொல்லுகிறோம். மேடை அருகே, ஆள் உயரத்துக்கு மேல், மைக்குக்கும் அதற்கும் நடுவே சுவரில்லாமல் வையுங்கள். அங்கிருந்து மிக்ஸருக்கு ஒயர் இழுத்துக்கொள்ளலாம்.

6. டிஜிட்டலா, அனலாகா?

அனலாக் செட்டில் குரலை அமுக்கி அனுப்பி, ரிசீவரில் விரிக்கிறார்கள். மட்டமான செட்டில் இந்த அமுக்கலும் விரித்தலும் காதுக்குத் தெரியும். சோதனை இதோ: மைக் முன்னே ஒரு சாவிக்கொத்தை மெதுவாய் ஆட்டுங்கள். கலகலவென்று சாவியாய்க் கேட்டால் நல்லது. "ஷ்ஷ்" என்று மணலாய்க் கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

டிஜிட்டலில் இந்த அமுக்கல் தேவையில்லை, குரல் தெளிவு. குரல் வந்து சேரச் சில மில்லிசெகண்டு தாமதம் உண்டு. 3 மில்லிசெகண்டு என்பது ஒரு மீட்டர் தூரம் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம், அதற்காகப் பயப்படவேண்டாம். ஆனால் அனலாக் போகப்போகிறதென்றால் முதலில் கரகரவென்று எச்சரிக்கும். டிஜிட்டலோ கடைசிவரை நன்றாய்க் கேட்டு, எல்லை தாண்டினவுடன் சட்டென்று ஊமையாகிவிடும். ஆகவே ரிசீவரிலுள்ள சிக்னல் விளக்கின் மேல் கண் இருக்கட்டும்.

7. செல்

அரைச் செல்லோடு ஆராதனையை ஆரம்பிக்காதீர்கள். அநேக நல்ல மைக்குகள் ஏஏ அளவு பென்சில் செல் இரண்டில் வேலை செய்கின்றன. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவான செல்லைப் போடாதீர்கள், அல்கலைன் போடுங்கள். வாரம் மூன்று நான்கு கூட்டம் நடக்கிற சபைக்கு, சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் லாபம். அது 1.2 வோல்ட்தான், அல்கலைன் 1.5 வோல்ட். ஆகையால் மைக்கின் அளவுகோல் அதைத் தவறாய்க் காட்டலாம். செல் வகையைக் குறிப்பிடும் வசதி மைக்கில் இருந்தால் மாற்றி வையுங்கள்.

முழு இரவு ஜெபத்தில் "தீரும்போது மாற்றலாம்" என்று இராதேயுங்கள். நடுராத்திரி பாட்டு வேளையிலே மாற்றிவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் செல்லைக் கழற்றுங்கள். கசிந்த செல் மைக்கையே தின்றுவிடும். கம்பெனியின் தனி பாட்டரி மாத்திரமே ஏற்கிற மைக் என்றால், அந்தப் பாட்டரி தனியாய் நம் ஊரில் கிடைக்கிறதா என்று விசாரித்து வாங்குங்கள்.

8. வாங்கும் நாளில் செய்யவேண்டியது

கடையில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு ஞாயிறு ஆராதனையில், ஜனங்கள் நிறைந்திருக்கும்போதே சோதியுங்கள். மற்ற மைக் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஒருவர் பேசிக்கொண்டே கூடத்தின் நான்கு மூலைக்கும் நடக்கட்டும். ரிசீவருக்கு முதுகைக் காட்டி நின்றும் பேசட்டும். சுவிட்சைப் போட்டு அணைக்கும்போது "டப்" என்கிறதா, கை மாறும்போது கைப்பிடி உறுமுகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, மெல்லிய குரலுள்ள ஒரு சகோதரியைப் பேசச் சொல்லுங்கள். மற்றவர்கள் எல்லாரும் கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். தீர்ப்பு அங்கேதான்.

9. பிடிக்கும் முறை

எவ்வளவு நல்ல மைக்கானாலும் பிடிக்கிற விதத்தில் கெட்டுப்போகும். வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி போதும். தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் இறங்கும். அதை ஈடுகட்டச் சத்தத்தை ஏற்றினால் மைக் கூவும். வலையைக் கையால் பொத்தாதீர்கள். பொத்தினால் கார்டியாய்டு குணம் கெட்டு, எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் வாங்கிக் கூவும். அடிப்பாகத்தையும் பொத்தாதீர்கள்; அநேக மைக்குகளில் ஆன்டெனா அங்கேதான் இருக்கிறது. "ஹலோ, ஹலோ" என்று தட்டவோ ஊதவோ வேண்டாம்.

மைக் கொண்டுபோகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: பெரியவர்கள் கையில் திணித்துவிட்டு ஓடிவிடாதேயுங்கள். "அம்மா, கொஞ்சம் கிட்ட வெச்சுப் பேசுங்க" என்று மெதுவாய்ச் சொல்லி, அவர்கள் கை நடுங்கினால் நீங்களே பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.

சபைக் கமிட்டி கூடும்போது பேசிப் பாருங்கள்

1. நமக்கு உண்மையாய் எத்தனை கார்ட்லெஸ் வேண்டும்? ஒயர் மைக் போதுமான இடம் எது?

2. இப்போது நம்மிடம் உள்ள மைக்குகளின் அலைவரிசை என்ன? ஒரு அட்டையில் எழுதி ரிசீவர் மேல் ஒட்டியிருக்கிறோமா?

3. பக்கத்து மண்டபத்திலும் மற்றச் சபைகளிலும் என்ன அலைவரிசை உபயோகிக்கிறார்கள்? போய்க் கேட்டிருக்கிறோமா?

4. செல் வாங்க மாதந்தோறும் பணம் ஒதுக்கியிருக்கிறோமா? யார் பொறுப்பு?

5. மைக் சட்டென்று நின்றால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஒயர் மைக் தயாராய் இருக்கிறதா?

இந்த ஐந்துக்கும் பதில் எழுதி முடித்த பிறகு விலையைக் கேளுங்கள். அப்போது கடைக்காரர் உங்களுக்கு எதையும் விற்றுவிட முடியாது. நீங்களே தெரிந்து வாங்குவீர்கள். வருகிற ஞாயிறு ஆராதனைக்குமுன் முதல் வேலையாக, ரிசீவரைத் திருப்பி அதன் பின்னால் அச்சடித்திருக்கிற எண்ணை வாசித்துப் பாருங்கள்.